சென்றாயன் தேடிய பச்சமுத்து

சென்றாயன் வந்தால் ஊர் ஓடும். ராசிபுரம் வட்டாரத்தில் அவர் அம்மை குத்தும் வேலையில் இருந்தார். ஒரு சைக்கிள், ஒரு தோள்பை. பைக்குள் அம்மைப்பால் அடைத்த சின்னக் கண்ணாடிக் குழல்கள், குத்துகிற கத்தி, ஸ்பிரிட் புட்டி. ஊர் எல்லையில் சைக்கிள் தெரிந்ததும் முதலில் நாய்கள் குரைக்கும், அடுத்து கோழிகள் கலையும், அதன் பிறகு பிள்ளைகள் மறைவார்கள். மாரியாத்தா கொடுக்கிற முத்தை இந்த ஆள் கத்தியால் கொடுக்கிறான் என்பது ஊரின் பொது அபிப்பிராயம். சென்றாயனுக்கு இதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. தபால்காரரைப் பார்த்தால் ஓடி வருகிறார்கள், தன்னைப் பார்த்தால் ஓடிப்போகிறார்கள், மொத்தத்தில் ஓட்டம்தானே என்பார்.

சொந்த ஊர் நாமகிரிப்பேட்டை. இளவயதில் நில அளவைக்காரர்களோடு சங்கிலி பிடித்துக்கொண்டு கொல்லிமலை அடிவாரமெல்லாம் நடந்தவர். அந்த வேலை முடிந்து இந்த வேலைக்கு வந்தபோது சங்கிலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அளக்கிற பழக்கத்தைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. துணி நாடா ஒன்று எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். கோயில் தூண், கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கவலை, சம்பந்தமே இல்லாத எருமையின் கொம்பு என்று எதையாவது அளந்துகொண்டிருப்பார். மனைவி முத்தாயம்மாள் அதைத் தடுத்ததில்லை. குடிக்கிற பழக்கத்துக்கு இது மேல் என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறாள்.

பிள்ளைகள் ஒளிகிற இடங்கள் சென்றாயனுக்கு அத்துப்படி. தானியக் குதிர், தறிக்குழி, மாட்டுக் கொட்டகைப் பரண், பாட்டியின் சேலைக்குள். எங்கே இருந்தாலும் வெளியே எடுத்துவிடுவார். ஆனால் சில வீடுகளில் மட்டும் அவர் வித்தை பலிக்கவில்லை. குதிரில் இல்லை, பரணில் இல்லை, பிள்ளையே இல்லை. முன்வாசலில் அவரே நிற்பார். பொடக்காணியில், அதாவது வீட்டுக்குப் பின்னால் குளிக்கவும் பாத்திரம் கழுவவும் விட்டிருக்கும் இடத்தில், தலையாரியை நிறுத்தியிருப்பார். இருந்தும் பிள்ளை காற்றில் கரைந்திருக்கும்.

அந்த வீடுகளில் இன்னொரு ஒற்றுமையும் இருந்தது. அவர் வாசலில் கால் வைத்ததும் உள்ளே இருந்து ஒரு பெண்குரல், "பச்சமுத்து! பச்சமுத்து!" என்று கத்தும். வெண்ணந்தூரில் கத்தினார்கள், குருசாமிபாளையத்தில் கத்தினார்கள், சிங்களாந்தபுரத்தில் கத்தினார்கள். தப்பித்துப்போன பையனின் பெயர் அது என்று சென்றாயன் புரிந்துகொண்டார். தம்மம்பட்டிப் பக்கம் அது சாதாரணமான பெயர்தான், இங்கேயும் பரவிவிட்டது போலும். மேலதிகாரியான சுகாதார இன்ஸ்பெக்டரிடம், பச்சமுத்து என்று பெயர் வைத்த பிள்ளைகள் மட்டும் கையில் அகப்படுவதே இல்லை என்று ஒருமுறை சொன்னார். இன்ஸ்பெக்டர் சிறிது யோசித்துவிட்டு, அந்தப் பெயருள்ள பையன்களை முதலில் பிடியுங்கள் என்று உத்தரவிட்டார்.

மர்மம் உடைந்தது வெண்ணந்தூரில். ஒரு நெசவாளர் வீட்டு அடுப்படியில் சென்றாயன் பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தபோது சுவருக்குள்ளிருந்து ஓர் ஆடு வந்தது. அவரைப் பார்த்தது. மறுபடி சுவருக்குள் போய்விட்டது.

சென்றாயன் ஆட்டின் பின்னால் போனார். அடுப்புக்குப் பக்கத்துச் சுவர் ஒரு முழம் முன்னே நீண்டு, அதற்குப் பின்னால் இன்னொரு சுவர் இருந்தது. ஆசாரத்தில், அதாவது வீட்டின் முன்கூடத்தில், உட்கார்ந்து பார்த்தால் இரண்டும் ஒரே சுவராகத் தெரியும். கிட்டே போனால்தான் நடுவே ஓர் ஆள் நுழைகிற சந்து இருப்பது தெரியும். இடுப்பில் குடம் வைத்த ஒருத்தி இடிக்காமல் போகிற அகலம். மேலே புகை போக வரிசையாகத் துளைகள். விளக்கு வைக்க மாடம். பாதி வழியில் குடத்தை இறக்கி வைக்க ஒரு திட்டு. சந்து வீட்டின் ஓரமாகவே போய், ஒரு வளைவு திரும்பி, பொடக்காணியையும் தாண்டி கிணற்றுத் தடத்தில் திறந்தது. தலையாரி நின்ற இடத்துக்கும் அந்த வாசலுக்கும் சம்பந்தமே இல்லை.

கோபம் வர வேண்டிய இடம். சென்றாயன் நாடாவை எடுத்தார்.

அன்றிலிருந்து தப்பித்துப்போகிற வீடுகளை அவர் வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினார். எல்லாவற்றிலும் அதே சந்து. நெசவாளர் வீடுகளில் தறிக்குழிக்குப் பக்கத்தில், குழிக்குள் உட்கார்ந்தவன் கண் மட்டத்துக்கு ஒரு சன்னல். குடியானவர் வீடுகளில் தொட்டில் கட்டுகிற உத்தரத்துக்கு நேராக அடுப்படியிலிருந்து பார்க்க ஒரு துவாரம். எல்லாம் ஒரே கையின் வேலை என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. ஒன்று மட்டும் அவருக்கு உறுத்தியது. குடம் வைக்கிற திட்டு ஒரு வீட்டில் உயரமாக இருந்தது, இன்னொரு வீட்டில் தாழ்ந்திருந்தது. இவ்வளவு பார்த்துக் கட்டிய ஆள் இதில் மட்டும் ஏன் அளவைக் கோட்டைவிட்டான் என்று தெரியவில்லை.

கட்டியவன் யார் என்று கேட்க ஆரம்பித்தார். அம்மை குத்துகிறவர் வீட்டைப் பற்றி விசாரிக்கிறார் என்றதும் ஆண்கள் ஆசாரத்தில் உட்காரவைத்துத் தாராளமாகப் பதில் சொன்னார்கள். ஒரு வீட்டில் மதுரைக்காரன் என்றார்கள். ஒரு வீட்டில் ரயில் பாதை போட வந்த வெள்ளைக்காரன் என்றார்கள். வெண்ணந்தூர்ப் பெரியவர் ஒருவர், முனி ஒரே ராத்திரியில் கட்டிக் கொடுத்தது என்றார். பெரும்பாலானவர்கள் எங்கள் தாத்தா சொந்த மூளையில் கட்டியது என்றார்கள். வாசல் நிலைக்கு மேல் இருந்த கல்லிலும் தாத்தா பேர்தான் இருந்தது. ராசிபுரம் வியாபாரி காளியண்ணன் இதில் உறுதியாக இருந்தார்.

"எங்க தாத்தன் கையில குச்சியெடுத்து மண்ணுல கோடு போட்டாருங்க. கொத்தனார் சும்மா கல்லடுக்கினதுதான்" என்றார்.

"சந்து எதுக்குங்க வெச்சாரு?"

"எந்தச் சந்துங்க?" என்றார் காளியண்ணன். அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர் அவர்.

விசாரணை இப்படி வருஷக்கணக்கில் நடந்தது. அம்மை குத்துவதும் கூடவே நடந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ததில் வந்ததுதான் சிங்களாந்தபுரத்து விஷயம்.

சிங்களாந்தபுரத்தில் குமாரசாமி என்கிற குடியானவரின் வீடும் அந்தக் கையின் வேலை. அவருக்கும் மனைவி மாரக்காளுக்கும் இரண்டு பிள்ளைகள், பெரியது செல்லி, சின்னவன் குழந்தைவேல். முப்பத்து நாலாம் வருஷம் தைமாசம் சென்றாயன் அங்கே போனார். இந்தத் தடவை முன்வாசலில் நிற்காமல் நேரே கிணற்றுத் தடத்துக்குப் போய்ச் சந்தின் வாசலில் நின்றுகொண்டார். உள்ளே பார்த்தால் அந்தத் திட்டு தெரிந்தது. இது உயரமா, தாழ்வா? பிள்ளை வருவதற்குள் அளந்துவிடலாம் என்று உள்ளே நுழைந்து குனிந்து நாடாவைப் பிடித்தார். செல்லி அப்போதுதான் ஓடி வந்தாள். அவர் கைக்குக் கீழே புகுந்து வெளியே போய்விட்டாள். எட்டிப் பிடித்திருக்கலாம். நாடாவின் நுனி திட்டில் இருந்தது. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

பங்குனியில் அந்த ஊருக்கு அம்மை வந்தது. குமாரசாமி வீட்டில் வேப்பிலை கட்டினார்கள். சென்றாயன் போனபோது உள்ளே விடவில்லை. மறுபடி போனபோது வேப்பிலையை அவிழ்த்திருந்தார்கள். செல்லி இல்லை.

அன்று வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடவில்லை. முத்தாயம்மாள் கேட்டபோது, "அந்தச் சந்து இல்லாம இருந்திருந்தா புள்ள பொழச்சிருக்கும்" என்றார்.

"சந்து என்னங்க பண்ணுச்சு? நீங்க அங்கதான நின்னீங்க?" என்றாள் அவள்.

அவர் நடந்ததைச் சொன்னார். சட்டையைத் துவைக்க எடுத்த முத்தாயம்மாள், பையில் இருந்த நாடாவைச் சுருட்டி உறியில் பானைக்குள் போட்டுவிட்டாள். அவர் அதைத் தேடவும் இல்லை. கட்டியவன் யார் என்று யாரிடமும் கேட்கவும் இல்லை. அந்த வருஷம் அவர் குத்திய பிள்ளைகள் வட்டாரத்திலேயே அதிகம் என்று இன்ஸ்பெக்டர் பாராட்டினார். சென்றாயன் தலையாட்டினார்.

அடுத்த தைக்கு சிங்களாந்தபுரம் போயாக வேண்டும். மற்ற வீடுகளை எல்லாம் முடித்துவிட்டு, குமாரசாமி வீட்டைக் கடைசிக்கு வைத்துக்கொண்டார். வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு நின்றார். உள்ளே போகலாமா, திரும்பிவிடலாமா என்று முடிவாகவில்லை. அதற்குள் உள்ளே இருந்து குழந்தைவேல் ஓடுகிற காலடிச் சத்தம் கேட்டது. கூடவே மாரக்காளின் குரல்.

"பச்சமுத்துல நான் நிக்கறேனுங்க. நீங்க முன்னால வாங்க."

சென்றாயனுக்குப் புரியவில்லை. ஆசாரத்தைத் தாண்டி அடுப்படிக்குப் போனார். சந்தின் நடுவில் மாரக்காள் அந்தப் பக்கம் அடைத்து நின்றுகொண்டிருந்தாள். கையில் திமிறுகிற குழந்தைவேல். அவர் வேலையை முடிக்கிறவரை மகனின் தலையைத் தன் வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் அழுதான். அவள் அழவில்லை. கத்தியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டே சென்றாயன் கேட்டார்.

"பச்சமுத்துங்கறது ஆருங்க அம்மிணி? பையன் பேரு குழந்தைவேலுதானுங்களே?"

மாரக்காள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "பச்சமுத்துன்னா இதுதானுங்க" என்று சந்தின் சுவரைத் தட்டிக் காட்டினாள். "இந்த எடத்துக்குப் பேரே அதுதான். பச்சமுத்துல வெறகு வெய்யி, பச்சமுத்துல கொடத்தை எறக்குன்னு சொல்லுவோம்."

"ஏனுங்க அந்தப் பேரு?"

"எனக்கெப்படித் தெரியும்? என் மாமியா சொன்னாங்க, நான் சொல்லறேன்."

அவர் கிளம்பத் திரும்பினார். பிறகு நின்று, கேட்கத் தயங்கியதைக் கேட்டார். "இதை அடைச்சுப்போடலாம்னு தோணலீங்களா?"

"அடைச்சா வெறகை எங்கீங்க வெக்கறது?" என்றாள் மாரக்காள்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ராசிபுரம் வரை நடந்தார் சென்றாயன். பிடிக்க முடியாத பச்சமுத்துகள் எல்லாரும் ஒரே ஆள், அநேகமாக அந்தச் சந்தைக் கட்டிய ஆள் என்பதும், அந்த ஆளுக்கு அம்மை குத்தத் தேவையில்லை என்பதும் ஏரிக்கரை வருவதற்குள் அவருக்குத் தெளிவாகிவிட்டன. வீட்டுக்கு வந்ததும் முத்தாயம்மாளிடம் சொன்னார்.

"கட்டினது ஆருன்னு இத்தனை வருசமா ஆருகிட்டக் கேட்டீங்க?" என்றாள் அவள்.

"ஊட்டுப் பெரியவங்ககிட்ட."

"ஆம்பளைங்ககிட்ட."

"ஆமா."

"அவங்க எங்க அந்தப் பக்கம் போனாங்க?"

முத்தாயம்மாள் உறியிலிருந்து நாடாவை எடுத்துக் கொடுத்தாள். வேற்று வீட்டுப் பெண்களிடம் போய் அவர் அடுப்படிச் சமாச்சாரம் விசாரிக்க முடியாது என்பதால், தானும் வருவதாகச் சொன்னாள். சைக்கிளின் பின்னால் மனைவியை உட்காரவைத்துக்கொண்டு ஓர் ஆண்பிள்ளை போவதை ராசிபுரம் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தது. பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர், அந்த அம்மாளும் குத்த ஆரம்பித்துவிட்டாள் என்று கதவைச் சாத்தினார்கள்.

அவர் ஆசாரத்தில் உட்கார்ந்திருப்பார். முத்தாயம்மாள் உள்ளே போய், பச்சமுத்துங்கறது ஆருங்க என்று கேட்பாள். பெரும்பாலோருக்குத் தெரியவில்லை. அது சந்தின் பெயர், சந்துக்கு ஏது பெயர்க்காரணம்? ஆனால் வயதானவர்களில் சிலர், அதைக் கட்டின மேஸ்திரி பேர் அது என்று மாமியார் சொன்னதாகச் சொன்னார்கள். அவரை நேரிலே பார்த்தவர் ஒருவர் மட்டும் கிடைத்தார். குருசாமிபாளையத்துச் சாலம்மாள். எண்பதைத் தொட்ட வயது, கண் மங்கல், குரல் மட்டும் தறிச்சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். அவர் பேசியதை ஆசாரத்திலிருந்தே சென்றாயன் கேட்டார்.

"பச்சமுத்து மேஸ்திரியா? பாத்திருக்கறனே. கட்டையான மனுசன். ரயிலுப் பாதைக்குப் பாறை ஒடச்சப்ப வெடிச்சத்தத்துல ஒரு காது போயிருச்சு. அதனால எதைச் சொன்னாலும் தலையைச் சாச்சுக்கிட்டு ரெண்டு தடவை கேப்பாரு. எங்க ஊட்டுல என்னை ஆரும் ஒரு தடவைகூடக் கேட்டதில்ல சாமி."

"உங்களை என்ன கேட்டாருங்க ஆத்தா?"

"நான் கல்யாணமாகி வந்த புதுசு. பழைய ஊட்டை இடிச்சுக் கட்டறதுக்கு மாமனாரு அவரைக் கூட்டியாந்தாரு. மனுசன் மாமனாருகிட்டப் பேசிப்போட்டு, நேரா கெணத்தடிக்கு வந்துட்டாரு. நாங்க தண்ணி சேந்திக்கிட்டு இருக்கறோம். 'அம்மிணி, ஊட்டுக்குள்ள உங்களுக்கு எது தொந்தரவு?'ன்னாரு. மாமியா சீலையை இழுத்துக்கிட்டுத் திரும்பிக்கிட்டாங்க. நான் சின்னப் புள்ளை, வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம, 'ஆசாரந்தானுங்க தொந்தரவு'ன்னேன். 'ஆசாரத்துல எந்நேரமும் ஆம்பளைங்க உக்காந்திருக்காங்க, தண்ணிக்குப் போனாலும் அவங்க நீட்டின காலை மடக்கற வரைக்கும் கொடத்தோட நிக்கோணும்'ன்னேன். தலையைச் சாச்சு ரெண்டு தடவை கேட்டாரு. பொறவு அந்தச் சந்தைக் கட்டினாரு."

"திட்டு எதுக்குங்க ஊட்டுக்கு ஊடு ஒரு உசரத்துல இருக்குது?" என்று சென்றாயன் ஆசாரத்திலிருந்து சத்தம் போட்டுக் கேட்டார். முத்தாயம்மாளுக்கு அந்தக் கேள்வி மறந்துபோயிருக்கும் என்று அவருக்கு பயம்.

"ஆரது, உங்க ஊட்டுக்காரரா? குத்தறவரா?" என்றார் சாலம்மாள். "கொடத்தோட என்னையச் செவுத்துல சாஞ்சு நிக்கச் சொல்லி, கொடம் இருக்கற எடத்துல கரிக்கட்டையில ஒரு கோடு போட்டாரு. ஊட்டுக்கு ஊடு அப்பிடித்தான், தண்ணியெடுக்கறவ உசரத்துக்கு. மாமியா எட்டு ஊருக்குக் கேக்கக் கத்துனாங்க. எனக்கு அப்பப் பதனஞ்சு வயசு. அதுக்கப்பறம் நான் வளந்துட்டேன். திட்டு வளரலை. ஆயுசு பூரா குனிஞ்சுதான் வெச்சேன்."

சென்றாயன் எழுந்து சந்துக்குள் போய் அளந்து பார்த்தார். அவர் அளந்ததிலேயே தாழ்வான திட்டு அதுதான்.

சாலம்மாள் சொன்னதும், மற்ற வீடுகளில் கிடைத்ததும் சேர்ந்து பச்சமுத்துவின் வாழ்க்கை ஓரளவு உருவானது. தம்மம்பட்டிப் பக்கத்தில் பிறந்தவர். சேலம் வழியாக ரயில் பாதை போட்ட காலத்தில் பாறை உடைக்கப் போய், அங்கே பாலம் கட்டுகிறவர்களிடம் பிளான் பார்க்கக் கற்றுக்கொண்டவர். காது போனதும் அந்த வேலையை விட்டு இந்தச் சமவெளிக்கு வந்து வீடு கட்டத் தொடங்கினார். முதலில் வீட்டுக்காரரிடம் பேசுவார், அப்புறம் கிணற்றடிக்குப் போய்விடுவார். அதனால் பாதி வேலைகளில் துரத்தினார்கள். துரத்தாத இடங்களில், கட்டி முடித்ததும் வீட்டுக்காரர் தன் பெயரைக் கல்லில் வெட்டிக்கொண்டார். என் பெண்டாட்டியைக் கேட்டு ஒருத்தன் கட்டிய வீடு இது என்று ஊருக்குச் சொல்ல எவருக்கும் மனம் வரவில்லை. எனவே சொல்லவில்லை. சொல்லாததைப் பேரப்பிள்ளைகள் மறப்பதற்குச் சிரமப்படவே வேண்டியதில்லை.

ஆயிரத்தெண்ணூற்று எழுபத்தாறில் வந்த தாது வருஷப் பஞ்சத்தில் வீடு கட்டுவார் யாருமில்லை. ராசிபுரத்துக்கு வெளியே கஞ்சி ஊற்றுவதற்கு ஒரு கொட்டகை போட்டபோது அந்த வேலை பச்சமுத்துவுக்குக் கிடைத்தது. ஒரு வாசலில் நுழைந்து இன்னொரு வாசலில் போகிற மாதிரி அதைக் கட்டினார். மற்ற கொட்டகைகளில் முண்டியடித்துக் கிழவிகள் மிதிபட்டார்கள், அங்கே அப்படி நடக்கவில்லை என்று இரண்டு ஊர்களில் சொன்னார்கள். அந்தக் கொட்டகையிலேயே வாந்திபேதி வந்து அவர் இறந்தார். கொத்தாகப் புதைத்தவர்களில் ஒருவராக ஏரிக்கரையில் புதைத்தார்கள். எந்த ஏரிக்கரை என்று சென்றாயன் கேட்டார். ஏரிக்கரைதான் என்றார்கள்.

இனி ஒன்றுதான் பாக்கி. ஊரார் வீட்டையெல்லாம் இப்படிக் கட்டியவர் தனக்கு எப்படிக் கட்டிக்கொண்டார் என்று பார்த்துவிட வேண்டும். விடுப்பு எடுத்துக்கொண்டு, முத்தாயம்மாளோடு பஸ் ஏறி தம்மம்பட்டிக்குப் போனார். விசாரித்துக்கொண்டே போய் ஒரு குச்சுவீட்டின் முன்னால் நின்றார்கள். பச்சமுத்துவின் தம்பி வழிப் பேத்தி கமலவேணி அங்கே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மண்சுவர், தென்னங்கீற்றுக் கூரை. முன்னால் ஒரே ஒரு வாசல். நிமிர்ந்து போக முடியாது.

"இதுவா அவர் வீடு?" என்றார் சென்றாயன்.

"கூரை மாத்தியிருக்கோம். மத்தபடி இதான். பெரியாத்தா, அவர் சம்சாரம், கடைசி வரைக்கும் இங்கதான் இருந்தாங்க. கட்டித் தர்றேன், கட்டித் தர்றேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாராம்" என்றாள் கமலவேணி. "வேலை செய்யற எடத்துக்கு இவங்களைக் கூட்டிப் போகவும் இல்லையாம். அந்தக் கோபம் அவங்களுக்குச் சாகற வரைக்கும் போகலை. அவர் பேச்செடுத்தாலே எழுந்து போயிடுவாங்களாம்."

சென்றாயன் நாடாவை எடுத்து அந்த ஒற்றை வாசலை அளந்தார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில், மல்லியகரை தாண்டியபோது முத்தாயம்மாள், "ஊர்ப் பொம்பளைங்களை எல்லாம் கேட்டாரு, சொந்தப் பொண்டாட்டியைக் கேக்கலையே" என்றாள். சென்றாயன் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

நாற்பதாம் வருஷம் ராசிபுரம் வாசகசாலையில் அவர் பேச ஏற்பாடானது. தலைமை தாங்கியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் தீர்த்தகிரி. அம்மை குத்துகிறவர் பேசுகிறார் என்று தெரியாமல் வந்தவர்களும் சேர்ந்து கூடம் ஓரளவு நிறைந்திருந்தது. சென்றாயன் நின்று, நம் வட்டாரத்தில் பிளான் போட்டு வீடு கட்டிய முதல் ஆள் ஒருவர் இருந்தார், அவர் பெயர் பச்சமுத்து என்று தொடங்கி, சந்து, சன்னல், திட்டு, கஞ்சிக் கொட்டகை எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். ஏதாவது கேட்பதாக இருந்தால் கேட்கலாம் என்று தலைவர் சொன்னார். ஒருவர் எழுந்து, அம்மை குத்தினால் குளிக்கலாமா என்று கேட்டார். இன்னொருவர், கட்டாயமாகக் குத்த வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா என்றார். சென்றாயன் இரண்டுக்கும் பதில் சொன்னார். மூன்றாவதாகக் காளியண்ணன் எழுந்தார். முகம் சிவந்திருந்தது.

"எங்க தாத்தன் கட்டின ஊட்டை ஆரோ காது கேக்காதவன் கட்டினான்னு சபையில சொல்றீங்க. இதுக்கு என்னங்க அத்தாட்சி?"

"ஊட்டுக்குப் போயி, பச்சமுத்து எங்கன்னு கேட்டுப் பாருங்க. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றார் சென்றாயன்.

காளியண்ணன் போய்க் கேட்டார். மனைவி பெருமாயி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "அடுப்படிக்குப் பின்னால இருக்குது, என்ன வேணும் உங்களுக்கு?" என்றாள் நிமிராமல். காளியண்ணன் அடுப்படிக்குப் போனார். ஐம்பது வருஷம் குடியிருந்த வீட்டில் பார்த்தறியாத ஒரு வழி இருந்தது. உள்ளே நுழைந்தார். அது குடம் வைத்த பெண்ணுக்கு அளவெடுத்த வழி, காளியண்ணனுக்கு எடுத்ததல்ல. திட்டுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டார். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. மருமகள்கள் இருவர் கிணற்றுப் பக்கமிருந்து தண்ணீரோடு வந்து, மாமனார் நிற்பதைப் பார்த்து, குடத்தோடு ஒதுங்கி நின்றார்கள். அவர் வயிற்றை உள்ளே இழுத்து, ஒருக்களித்து வெளியே வருகிற வரைக்கும் நின்றார்கள்.

மறுநாள் காளியண்ணன் சென்றாயன் வீட்டுக்கு வந்தார். தோளில் சுண்ணாம்பு இன்னும் ஒட்டியிருந்தது. "எதோ ஒரு ஆளு கட்டியிருப்பானாட்ட இருக்குதுங்க" என்று ஒப்புக்கொண்டார். பெரிய மனசு பண்ணி, வாசல் கல்லில் தாத்தா பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் அந்தப் பெயரையும் வெட்டிவிடலாம் என்றார். இரண்டு நாள் கழித்து வந்து, பெருமாயி வேண்டாம் என்கிறாள் என்று சொன்னார். முன்னால் வெட்டினால் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் உள்ளே வந்து சந்தை எட்டிப் பார்ப்பார்கள், பிறகு அது இருந்து என்ன பிரயோசனம் என்று அவள் கேட்டாளாம். பெயர் வெட்டப்படவில்லை.

பேசியதைச் சென்றாயன் கட்டுரையாக எழுதி சேலத்து மாதப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினார். நெடுநாள் கழித்து வெளிவந்தது. எழுதியவர் அம்மை குத்துகிற உத்தியோகத்தில் இருப்பதால் அதைச் சுகாதாரக் குறிப்புகள் என்ற தலைப்பின் கீழ் போட்டிருந்தார்கள். பச்சமுத்து என்பதைப் பச்சைமுத்து என்று திருத்தி, அடுப்படிப் புகை வெளியேறத் துளைகள் வைப்பதன் நன்மையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் இடமின்மையால் குறைத்திருந்தார்கள். முத்தாயம்மாளுக்கு வாசித்துக் காட்டினார். நல்லாத்தான் இருக்குது என்றாள் அவள்.

சிங்களாந்தபுரத்துக்கு அவர் ஒவ்வொரு தையிலும் போய்வந்தார். மாரக்காள் வீட்டில் அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கும் அவர்தான் குத்தினார். குத்தி முடித்ததும் அவள் மோர் கொடுப்பாள். செல்லியைப் பற்றி அவளும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. ஒரு வருஷம் மட்டும், மோர்ச் சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர், "அன்னிக்கு நான் புடிச்சிருக்கோணுங்க" என்றார். "ஆமாங்க" என்றாள் மாரக்காள். சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

நாற்பத்தேழில் ஓய்வு கிடைத்தது. அதுவரை வாடகை வீடு. நாமகிரிப்பேட்டையில் அப்பா விட்டுப்போன துண்டு நிலத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொள்வது என்று முடிவானது. கொத்தனாரை வரச்சொல்லிவிட்டு, சென்றாயன் முத்தாயம்மாளைக் கூப்பிட்டார். எது எது எங்கே வேண்டும் என்று கேட்டார். எல்லா வீட்டிலும் பார்த்ததையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு, சந்தின் அகலத்தைக்கூட அவர் தீர்மானித்து வைத்திருந்தார்.

"சந்தெல்லாம் எனக்கு வேண்டாங்க. நம்மூட்டு ஆசாரத்துல ஆரு காலை நீட்டிக்கிட்டு உக்காரப் போறா? இருக்கறது நீங்க ஒருத்தரு" என்றாள்.

"அப்ப என்னதான் வேணும்?"

முத்தாயம்மாள் வெற்று நிலத்தில் இங்குமங்கும் நடந்து பார்த்தாள். உட்கார்ந்து பார்த்தாள். ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கொத்தனார் வெற்றிலை போட்டு முடித்துவிட்டார். "அடுப்படியில ரோட்டைப் பாத்து ஒரு சன்னல்" என்றாள் கடைசியில். "சோறாக்கும்போது பஸ்ஸு போறது தெரியோணும்."

அடுப்படிச் சன்னலை ரோட்டைப் பார்த்து வைக்கிற வழக்கம் இல்லை என்று கொத்தனார் சொன்னார். தெருவில் போகிறவன் கண் சட்டியில் விழும் என்றார். சென்றாயன் தலையைச் சாய்த்து அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, சன்னல் அங்கேதான் என்றார்.

மறு வருஷம் குடிபோனார்கள். ஆத்தூர் பஸ் காலையிலும் சாயங்காலமும் அந்தச் சன்னலைக் கடந்து போகும். எந்த பஸ் தாமதம், யார் யார் இறங்குகிறார்கள், யார் வீட்டுக்கு விருந்தாளி என்று முத்தாயம்மாளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சோறு அடிக்கடி தீய்ந்தது.